எட்டாம் வகுப்புப் போதுமென்ற வேலை

காலை ஒன்பது இருபதுக்கு லொறி திரும்பி வந்திருக்க வேண்டும். வரவில்லை.

அன்று கனரக வாகன அனுமதிப்பத்திரத்துக்கான ட்ரயல், ஓட்டிக் காட்டுகிற பரீட்சை. பரீட்சகரை முன் ஆசனத்தில் வைத்துக்கொண்டு மைதானத்திலிருந்து புறப்படும் லொறி, நகரத்துக்குள் ஒரு சுற்றுச் சுற்றி, உவர்மலை ஏற்றத்தில் நிறுத்தித் திரும்ப எடுத்து, உட்துறைமுக வீதியால் இறங்கித் திரும்பி வரும். ஆறுதலாக ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரம். ஒரே லொறிதான். ஒருவர் போய் வந்த பிறகு அடுத்தவர் ஏறுவார். என் மகள்தான் கடைசி. மதிலோரம் நின்று கேற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். லொறி வராமல் ஒரு மாட்டு வண்டிலும் இரண்டு சைக்கிளும் வந்தன.

இது நடந்து சில நாட்கள்தான் ஆகின்றன. இன்னமும் வீதியோரம் நிற்கிற லொறியைக் கண்டால் என் கண் முதலில் அதன் பின்சில்லுகளுக்குத்தான் போகிறது. அங்கே ஒன்றும் கிடக்கவில்லை என்று பார்த்த பிறகுதான் அப்பால் நடக்கிறேன். எழுதிவிட்டால் இந்தப் பயம் கொஞ்சம் அடங்கும் என்று நினைக்கிறேன்.

நான் பள்ளிக்கூடத்தில் புவியியல் படிப்பிக்கிறவள். அன்புவழிபுரத்தில் வீடு. கணவருக்குச் சீனன்குடாப் பக்கம் ஒரு களஞ்சியத்தில் வேலை. உள்ளே போனால் போன் கொண்டுபோக முடியாது, மத்தியானம் சாப்பிட வெளியே வந்தால்தான் ஆளைப் பிடிக்கலாம். எங்களுக்கு ஒரே பிள்ளை. உயர்தரத்தில் உயிரியல் பிரிவு. இரண்டு முறை எழுதினாள். இரண்டு முறையும் எல்லாப் பாடமும் சித்தி, இரண்டு முறையும் பல்கலைக்கழக வெட்டுப்புள்ளிக்குக் கீழே. இரண்டாம் முறை பெறுபேறு வந்த அன்று பின்னேரம் நான் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். அவள் வாசல் நிலையில் சாய்ந்து நின்றாள்.

“அம்மா, நான் ஹெவி வெஹிகிள் எடுக்கப் போறன்.”

“என்னத்தை எடுக்கப் போறாய்?”

“லொறி. பெரிய லொறி. கொண்டெய்னர் இழுக்கிறது.”

உள்ளே கதிரையில் இருந்த தகப்பன் சிரித்தார். “நல்லம். ஆனா எங்கட வாசல்ல நிப்பாட்ட இடமில்லையே பிள்ளை.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. “லொறி ஓட எத்தினையாம் வகுப்புப் படிச்சிருக்கோணும்?”

“எட்டு.”

“நீ பதின்மூண்டு படிச்சிருக்கிறாய்.”

“அப்ப அஞ்சு வருசம் கூடுதலாப் படிச்சிட்டன்” என்றாள்.

விளையாட்டு என்றுதான் நினைத்தேன். இல்லை. பள்ளிக்கூட நாட்களிலேயே பஸ் யன்னலால் துறைமுகப் பக்கம் போகிற பெரிய வாகனங்களைத் தலை திருப்பித் திருப்பிப் பார்ப்பவள். பதினெட்டு முடிந்ததும் சாதாரண வாகன அனுமதி எடுத்தாள். எங்கள் ஒழுங்கையில் ஐஸ் வியாபாரம் செய்கிறவரின் பட்டா என்கிற சின்ன லொறியைக் கேட்டு வாங்கி, விடியற்காலையில் மீன் வாடிகளுக்கு ஐஸ் கொண்டுபோய்க் கொடுப்பாள். இரண்டாம் முறை உயர்தரம் எழுதும்வரை பொழுதுபோக்கட்டும் என்று விட்டிருந்தேன். கனரக அனுமதிக்கு முதல் சாதாரண அனுமதியோடு கொஞ்சக் காலம் ஓடியிருக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாது. அவளுக்குத் தெரிந்திருக்கிறது. ஐஸ் ஏற்றி இறக்கிய நாளெல்லாம் அந்தக் கணக்கில் சேர்ந்துகொண்டிருந்திருக்கிறது.

எதையும் விசாரித்துப் பார்க்காமல் விடுகிற ஆள் இல்லை நான். அடுத்த நாளே தொடங்கினேன். ஆசிரியர் அறையில் கேட்டபோது, “லொறிக்கு என்ன படிப்பு டீச்சர், ஸ்டியரிங் பிடிக்க ரெண்டு கை இருந்தாக் காணும்” என்றார் விஞ்ஞானம் படிப்பிக்கிறவர். மோட்டார் வாகனக் கந்தோர் வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர் எட்டாம் வகுப்பு என்றார். எனக்குப் பின்னால் நின்றவர் அதை மறுத்தார். எட்டாம் வகுப்பு என்பது கம்பனிக்காரர் கேட்பதாம், அனுமதிப்பத்திரத்துக்கென்றால் எழுத்துப் பரீட்சையின் கேள்வியை வாசித்து விளங்கினால் சரியாம். அரசாங்க வேலையென்றால் பதினோராம் வகுப்புச் சாதாரண தரப் பரீட்சை இல்லாமல் ஏலாது என்றார் இன்னொருவர். வரிசை நகர்ந்தது, இவர்கள் மூவரும் ஒருவரோடொருவர் வாதாடிக்கொண்டே நகர்ந்தார்கள். கந்தோருக்குள் போய்க் கேட்க வேண்டியதை நான் வரிசையிலேயே கேட்டு முடித்திருந்தேன், ஆனால் ஒரு விடையும் இன்னொன்றோடு ஒத்துவரவில்லை.

துறைமுகப் பக்கம் இருக்கிற பயிற்சி நிலையம் ஒன்றில்தான் தெளிவாகச் சொன்னார்கள். கொண்டெய்னர் வாகனம் பழக்குகிற வகுப்புக்குச் சாதாரண தரம் வேண்டும், அதில் தாய்மொழியும் கணிதமும் சித்தியாக இருக்க வேண்டும், வகுப்புத் தொடங்கும்போது கனரக அனுமதி கையில் இருக்க வேண்டும். மேசைக்கு அப்பால் இருந்த பெண் மகளின் பெறுபேற்றைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

“உயிரியல் பிரிவோ?”

“ஓம்” என்றாள் மகள்.

“வீட்டில ஏதும் பிரச்சினையோ?”

“இல்லை.”

“லொறிதான் பிரச்சினை” என்றேன் நான். அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மகள் சிரிக்கவில்லை.

அதன் பிறகு மருத்துவப் பரிசோதனை. கண்ணாடி போடுகிற பிள்ளை, அதிலேயே தடுத்துவிடுவார்கள் என்று எனக்குள் ஒரு நினைப்பு. கண்ணாடி போட்டால் பார்வை சரி, நிறம் தெரிகிறது, காது கேட்கிறது, உயரம் போதும் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அடுத்தது எழுத்துப் பரீட்சை. அதற்கு நான்தான் கேள்வி கேட்டுப் பழக்கினேன். லொறி வேண்டாம் என்று சொன்னவள் ஏன் கேள்வி கேட்கிறாய் என்று கணவர் கேலி பண்ணினார். வேண்டாம் என்பதற்காகப் பிள்ளையைப் பரீட்சையில் விழ விட முடியுமா? சோறு வேகிற நேரத்தில் கேட்பேன். சந்தியில் யாருக்கு முதலிடம், பாரம் ஏற்றிய வாகனத்துக்கு எவ்வளவு இடைவெளி, இறக்கத்தில் எந்தக் கியர். சில கேள்விகளுக்கு எனக்கே விடை தெரியாது. அதைக் காட்டிக்கொள்ளாமல் அடுத்த கேள்விக்குப் போவேன். அவளுக்கும் அது விளங்கும். “டீச்சர், அதுக்கு விடை சொல்லேல்லையே” என்பாள்.

எழுத்தில் நல்ல புள்ளியோடு சித்தியானாள். அன்றிரவு சாப்பாட்டு மேசையில் ஒரு ஒப்பந்தம் வைத்தேன். வைத்தது நான்தான்.

“முதல் ட்ரயல்லயே பாஸ் பண்ணினா நான் இதுக்குப் பிறகு வாய் திறக்கமாட்டன். பண்ணாட்டி, திரும்ப உயர்தரம். மூண்டாம் முறை. சம்மதமோ?”

அவள் கை கழுவிக்கொண்டே யோசித்தாள். “சம்மதம்” என்றாள். “அப்பா சாட்சி.”

“என்னை இதுக்குள்ள இழுக்காதேங்கோ” என்றார் அவர்.

ஆகவே அந்தக் காலையில் கேற்றைப் பார்த்துக்கொண்டு நின்ற எனக்கு அந்த லொறியில் போனது அவளுடைய அடுத்த சில வருடங்கள் முழுவதும். திரும்பி வந்ததும் பரீட்சகர் சொல்கிற ஒரு சொல்லில் ஒன்று நான் நினைத்தது நடக்கும், அல்லது அவள் நினைத்தது நடக்கும். எது நடக்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்டேன் என்று கேட்டால், ஒன்பது இருபதுவரை என்னிடம் விடை இருந்தது.

பக்கத்தில் கிண்ணியாவிலிருந்து வந்த ஒரு தாய் நின்றார். அவருடைய மகன் முதலாவதாகப் போய்ச் சித்தியாகி வந்திருந்தான். மகனுக்குக் கொண்டுவந்த சோற்றுப் பார்சல் இன்னமும் கையில் இருந்தது. என்னைவிட மூத்தவர், நான் ராத்தா என்று கூப்பிட்டேன். அந்தப் பக்கத்தில் அக்காவை அப்படித்தான் சொல்வார்கள். கதைத்ததில் நான் படிப்பிக்கிறவள் என்று அவருக்கும் தெரிந்திருந்தது.

“என்ன டீச்சர், ஒங்களுக்கு இப்பிடி வேர்க்குது? நீங்களா லொறி ஓடுறீங்க?” என்றார்.

“இன்னும் காணேல்ல ராத்தா.”

“வரும். எங்கட ஊட்டுக்காரரும் லொறிதான். கலியாணம் முடிச்ச நாளில இருந்து நான் வாசலப் பாத்துக்கிட்டுத்தான் இரிக்கன். சொன்ன நேரத்துக்கு வந்தாத்தான் எனக்குப் பயம். எங்கேயோ புதினம் நடந்திருக்கும்.”

நான் சிரிக்க முயன்றேன். அப்போது ஆஸ்பத்திரிப் பக்கமாக ஒரு அம்புலன்ஸ் சத்தம் போட்டுக்கொண்டு போனது. நான் மகளின் போனுக்கு அடித்தேன். ட்ரயலுக்கு ஏறும்போது அணைத்து வைக்கச் சொல்வார்கள் என்று தெரிந்தும் அடித்தேன். கணவருக்கு அடித்தேன். அதுவும் அணைந்திருந்தது. வெளியிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்த ஒருவர் கேற்றடியில் நின்றவர்களிடம் சொன்னது எங்களுக்கும் கேட்டது.

“உட்துறைமுக வீதியால போகாதேங்கோ. லேர்னர்ஸ் லொறி ஒண்டு நடுவில நிக்குது. பொலிஸ் நிக்குது. சனம் கூடியிட்டுது.”

“என்னவாம்?” என்று யாரோ கேட்டார்கள்.

“கீழ என்னவோ அம்பிட்டிட்டுதாம். கிட்டப் போகேலாது.”

அதற்குப் பிறகு நான் எப்படி வீதிக்கு வந்தேன் என்பது ஒழுங்காக நினைவில் இல்லை. ராத்தாதான் ஓட்டோவை மறித்திருக்கிறார். ஓட்டோவுக்குள் என் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ ஓதிக்கொண்டே வந்தார். நான் கணக்குப் போட்டுக்கொண்டு வந்தேன். கீழே அகப்பட்டது ஒரு மனிசன் என்றால் பொலிஸ், வழக்கு, மறியல்வீடு. பள்ளிக்கூடம் விட்டுப் போகிற நேரம் இல்லை, ஆகவே சின்னப் பிள்ளையாக இருக்காது. வயதானவராக இருக்கலாம். சைக்கிள்காரராக இருக்கலாம். யாரோ ஒருவரின் வீட்டில் இந்நேரம் போன் அடிக்கிறது. மனம் அப்படி ஓடியது. மகள் பாஸா பெயிலா என்பது அந்தக் கணக்கில் இல்லவே இல்லை.

வீதி முழுக்க வாகனங்கள். ஓட்டோக்காரர் நிறுத்திவிட்டார். இறங்கி ஓடினோம். ஒரு பக்கம் மதில், மறுபக்கம் கடல், நடுவில் சனம். சனத்தை விலக்கிக்கொண்டு போனபோது லொறியின் பின்பக்கம் தெரிந்தது. பின்சில்லுகளுக்கு இடையிலிருந்து இரண்டு கால்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. கறுப்புச் சப்பாத்து. ட்ரயலுக்கென்று நான் வாங்கிக் கொடுத்தது.

நான் கத்தவில்லை என்று ராத்தா பிறகு சொன்னார். வாய் திறந்தபடி நின்றேனாம், சத்தம் வரவில்லையாம். பிறகு ஒரு சப்பாத்து அசைந்தது. மற்றதும் அசைந்தது. என் சேலைக் கரையைக் கண்டிருக்க வேண்டும், கீழேயிருந்து குரல் வந்தது.

“ஆரது, அம்மாவோ? கத்தாதேங்கோ. பயந்திடும்.”

“எது பயந்திடும்?”

“குட்டி.”

குனிந்து பார்த்தேன். தாரில் முழங்காலை ஊன்றித்தான் பார்க்க வேண்டியிருந்தது. என் மகள் முழங்கைகளை ஊன்றிக் கிடந்தாள். அவளுக்கு ஒரு முழம் அப்பால், இரட்டைச் சில்லின் உட்பக்கத்தோடு ஒட்டிக்கொண்டு, ஒரு மான்குட்டி மடிந்து படுத்திருந்தது. காது மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

எங்கள் ஊரில் மான்கள் மாடு மாதிரி வீதியில் திரியும். கடைவாசலில் நிற்கும், பஸ் நிலையத்தில் குப்பை கிளறும், வெயில் ஏறினால் நிற்கிற வாகனத்துக்குக் கீழே நிழல் தேடிப் படுக்கும். அதனால் இங்கே யாரும் நின்ற வாகனத்தைச் சும்மா எடுப்பதில்லை. பக்கத் தகட்டில் கையால் இரண்டு தட்டுத் தட்டி, குனிந்து ஒருமுறை கீழே பார்த்துவிட்டுத்தான் ஏறுவார்கள். பள்ளிக்கூட வான்காரரும் அப்படித்தான், ஐஸ் கொண்டுபோகும்போது என் மகளும் அப்படித்தான். வேறு இடத்திலிருந்து மாற்றலாகி வருகிறவர்கள் முதலில் இதைப் பார்த்துச் சிரிப்பார்கள். சில மாதத்தில் அவர்களும் குனிவார்கள்.

லொறியில் கூடப் போயிருந்த, பழக்குகிற மாஸ்டர் சில்லடியில் நின்றார். முகம் கறுத்திருந்தது. நடந்ததை அவர்தான் சொன்னார். மான் கூட்டமொன்று வீதியைக் கடந்திருக்கிறது. மகள் நிறுத்தியிருக்கிறாள். கடைசி மான் போகும்வரை பொறுத்து நின்றிருக்கிறாள். பாதை வெளித்ததும் பரீட்சகர் “எடுங்க” என்றிருக்கிறார்.

“எடுக்கவேண்டியதுதானே டீச்சர். இவள், ‘சேர், கீழ பாக்கோணும்’ எண்டாள். சேர் ‘தேவையில்ல, எடுங்க’ எண்டார். இவள் ஹான்ட் பிரேக்கை இழுத்தாள், எஞ்சினை நிப்பாட்டினாள், இறங்கியிட்டாள். எத்தினை தரம் சொல்லியிருப்பன், ட்ரயல்ல சீற்றை விட்டு இறங்கினா அதோட சரி எண்டு. ஊர்ப் பழக்கத்தை ட்ரயலுக்குக் கொண்டரக்கூடாது எண்டு.”

“பாக்காம எடுத்திருந்தா?” என்றார் ராத்தா.

மாஸ்டர் குனிந்து சில்லைப் பார்த்தார்.

பரீட்சகர் கொஞ்சம் தள்ளி மதில் நிழலில் ஒரு பொலிஸ்காரரோடு சிங்களத்தில் பேசிக்கொண்டிருந்தார். அண்மையில்தான் இங்கே வந்தவராம். அவருடைய கையில் புள்ளியிடுகிற அட்டை இருந்தது. அதில் ஏற்கனவே ஏதோ எழுதியாகிவிட்டது என்று மாஸ்டர் கண்ணால் காட்டினார்.

குட்டி அசையவில்லை. லொறியை உருட்டவும் ஏலாது, கொஞ்சம் உருண்டாலும் குட்டி வெருண்டு சில்லுக்குள் போய்விடும். ராத்தா பார்சலுக்குள்ளிருந்த வாழைப்பழத்தை உரித்து மகளிடம் நீட்டினார். மகள் அதை மெல்லத் தள்ளினாள். குட்டி முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. பின்னால் நின்ற பஸ்காரர் ஹோர்னை அடித்தார். ஒவ்வொரு ஹோர்னுக்கும் குட்டி இன்னும் உள்ளே ஒடுங்கியது.

“அம்மா, அந்தச் சத்தத்தை ஆராவது நிப்பாட்டினாக் காணும்” என்றாள் மகள். “அது தானா வரும்.”

அதை என்னால் செய்ய முடியும். கொட்டகைக்குள் நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு மழைச் சத்தத்துக்கு மேலால் படிப்பித்தவள் நான். எழும்பினேன். முதலில் பஸ்ஸுக்குப் போனேன். கதவடியில் நின்று மேலே பார்த்தால், ஸ்டியரிங்கில் கையை வைத்தபடி என்னிடம் படித்த ஒருவன். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன்.

“டீச்சரா? என்ன இதுக்குள்ள நிக்கிறீங்கள்?”

“தம்பி, எஞ்சினை நிப்பாட்டு. என்ர பிள்ளை லொறிக்குக் கீழ கிடக்கிறாள்.”

“ஐயோ” என்று உடனே நிப்பாட்டினான். பிறகு எட்டிப் பார்த்துவிட்டு, “டீச்சர் சொன்னா நான் எப்பவும் நிப்பாட்டுவன். அண்டைக்கும் படிக்கேலாட்டி நிப்பாட்டு எண்டீங்கள், நிப்பாட்டினனான்தானே” என்றான். பஸ்ஸுக்குள் சிரித்தார்கள். நான் உதட்டில் விரலை வைத்தேன். சிரிப்பு அடங்கியது. அவன் இறங்கி எனக்குப் பின்னால் வந்தான். வானுக்குச் சொன்னோம், ஓட்டோக்களுக்குச் சொன்னோம், மீன் பெட்டி கட்டிய மோட்டார் சைக்கிளுக்குச் சொன்னோம். ஒவ்வொரு எஞ்சினாக அணைந்தது. சனத்தை மதில் பக்கம் ஒதுக்கினேன். பொலிஸ்காரர் என்னைப் பார்த்தார், தானும் ஒதுங்கினார்.

அந்த வீதியை நான் அவ்வளவு அமைதியாகக் கண்டதில்லை. துறைமுகத்துக்குள் எங்கேயோ சங்கிலி இறக்குகிற சத்தம் மட்டும் கேட்டது. மகளின் சப்பாத்துகள் அசையாமல் கிடந்தன. என் கண் அவற்றிலேயே இருந்தது. அவை அசையாமல் கிடப்பது அவள் பொறுத்துக் கிடக்கிறாள் என்பதால்தான் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அவை அசைகின்றனவா என்றே பார்த்தேன். பரீட்சகர் மெல்ல வந்து லொறியின் மறுபக்கத்தில் குனிந்தார். குனிந்தது போதாமல் காற்சட்டை முழங்காலோடு தாரில் ஊன்றினார்.

குட்டி முதலில் முன்கால்களை நீட்டியது. பிறகு எழும்பித் தலையை அச்சில் இடித்துக்கொண்டு, அவருடைய பக்கத்தால் வெளியே வந்து, அவரைத் தாண்டி, கூட்டம் போன திசையில் போனது. அவசரப்படவே இல்லை.

மகள் பின்பக்கமாக ஊர்ந்து வந்தாள். கண்ணாடியில் எண்ணெய். கன்னத்தில் தார்க் கோடு. நான் அவளைப் பிடித்து முதுகைத் தடவினேன், கையைத் தடவினேன், தலையைத் தடவினேன். “ஒண்டும் இல்லை அம்மா, ஒண்டும் இல்லை” என்று சொல்லிக்கொண்டே நின்றாள். பிறகு சாரதி ஆசனப் பக்கம் நடந்தாள். அப்போது பரீட்சகர் மாஸ்டரைப் பார்த்து, “நீங்க எடுங்க” என்றார்.

அவள் நின்றாள். சுற்றி வந்து மற்றக் கதவால் ஏறினாள். ஏறமுதல் தகட்டில் இரண்டு தட்டுத் தட்டினாள். வேண்டுமென்று தட்டவில்லை, கை தானாகப் போனது.

பரீட்சகர் அங்கேயே நின்றார். வீதி ஏன் இவ்வளவு நேரம் மறிபட்டது என்று பொலிஸ்காரருக்கு அவர்தான் சொல்ல வேண்டியிருந்தது. நானும் ராத்தாவும் லொறிக்குப் பின்னால் ஓட்டோவில் வந்தோம். மைதானத்தில் மகள் தண்ணிக் குழாயடியில் நின்று கையைக் கழுவிக்கொண்டிருந்தாள். எண்ணெய் போகவில்லை. நான் சேலைத் தலைப்பைக் கொடுத்தேன், அவள் வாங்கவில்லை.

“புத்தகமெல்லாம் எங்க வச்சிருக்கிறீங்கள்?” என்றாள்.

“எந்தப் புத்தகம்?”

“உயிரியல். ரசாயனம். ஒப்பந்தம் ஒப்பந்தம்தானே அம்மா.”

“அலுமாரிக்குள்ள. அங்கேயே கிடக்கட்டும்.”

“நீங்கள்தானே சொன்னீங்கள், முதல் ட்ரயல் எண்டு.”

“ஓம். நான்தான் சொன்னனான். இப்பவும் நான்தான் சொல்லுறன். நீ திரும்ப ட்ரயலுக்குப் போகோணும்.”

“அப்பா சாட்சி நிண்டவர்” என்றாள். முகத்தைக் குழாய்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். “நான் வாக்குக் குடுத்தனான். இனி நீங்கள் பாவம் பாத்து மாத்தவேண்டாம்.”

“நான் பாவம் பாக்கேல்ல.”

“அப்ப என்ன?”

அந்தக் கால்களைக் கண்டபோது எனக்குள் என்ன நடந்தது என்பதை அவளுக்கு எப்படிச் சொல்வது? வேலை ஆபத்தானது, அதை நான் என் கண்ணால் கண்டுவிட்டேன், வேண்டாம் என்று சொல்ல இதைவிட நல்ல சாட்டு எனக்குக் கிடைக்காது. ஆனால் அதே கண்ணால் மற்றதையும் கண்டேன். பரீட்சகரே எடு என்று சொல்ல, ஹான்ட் பிரேக்கை இழுத்துவிட்டு இறங்கிய பிள்ளை அவள். எத்தனையாம் வகுப்புப் படித்தால் அது வரும் என்று எந்தக் கந்தோர் வரிசையிலும் யாரும் எனக்குச் சொல்லவில்லை. “உனக்கு இந்த வேலை வரும்” என்று மட்டும் சொன்னேன். “அடுத்த திகதியை நானே கேக்கப் போறன். நீ சம்மதிச்சாலும் சரி, சம்மதிக்காட்டியும் சரி.”

“ரெண்டு பேரும் நல்லாச் சண்டை புடிங்க” என்றார் ராத்தா, குழாயில் தானும் கையைக் கழுவிக்கொண்டு. “ஊட்டில தாய் ஓடாத எண்டும், மகள் ஓடுவன் எண்டும் சண்டை புடிக்கிறதத்தான் கண்டிரிக்கன். இது புதுசா இரிக்கி.”

மகளின் உதடு கொஞ்சம் வளைந்தது. சேலைத் தலைப்பை இப்போது வாங்கி முகத்தைத் துடைத்தாள்.

பரீட்சகரைக் காத்திருந்து மத்தியானமாகிவிட்டது. கணவர் போன் அடித்தார். சாப்பிட வெளியே வந்திருக்கிறார். “என்னவாம், பாஸோ?”

“தெரியாது.”

“தெரியாதோ? வந்திட்டாள்தானே?”

“வந்திட்டாள். லொறிக்குக் கீழ மான் கிடந்தது. இவள் இறங்கியிட்டாள்.”

“இறங்கத்தானே வேணும்” என்றார். இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவர், அதற்கு மேல் அவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

மற்றவர்கள் போய்விட்டார்கள். ராத்தாவின் மகன் மோட்டார் சைக்கிளை எடுத்துவந்து நிறுத்தி, “உம்மா, போவம்” என்றான். “இரிடா, முடிவக் கேட்டிட்டுப் போவம்” என்று அவர் போகவில்லை. மாஸ்டர் லொறியின் படியில் உட்கார்ந்திருந்தார். நாங்கள் மதில் நிழலுக்கு நகர்ந்தோம். நிழல் காலடி அளவுக்குக் குறுகியிருந்தது. நான் போய்க் கேட்க வேண்டிய சொற்களை மனதுக்குள் ஒழுங்குபடுத்திக்கொண்டேன். பிழைதான், ஒத்துக்கொள்கிறோம், அடுத்த திகதியைத் தாருங்கள். கெஞ்சக்கூடாது, வாதாடவும் கூடாது. மகள் என் பக்கத்தில் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவளுடைய தோள் என் தோளில் முட்டிக்கொண்டிருந்தது, எடுக்கவில்லை.

கடைசியில் கேற்றால் ஒரு பொலிஸ் மோட்டார் சைக்கிள் வந்தது. அதன் பின் ஆசனத்திலிருந்து பரீட்சகர் இறங்கினார். காற்சட்டையின் இரண்டு முழங்காலிலும் கறுப்பு. மாஸ்டர் எழும்பி நின்றார். பரீட்சகர் எங்களிடம் வந்து, மகளை ஒருமுறை பார்த்துவிட்டு, அட்டையிலிருந்த தாளை உருவி இரண்டாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். நான் வாயைத் திறக்க முதல் அவரே பேசினார்.

“இன்டைக்கு டெஸ்ட் முடியல்ல. முடியாத டெஸ்டுக்கு நான் பாஸ் எழுத ஏலாது, பெயில் எழுதவும் ஏலாது. மகள் அடுத்த கிழமை வாங்க. மாஸ்டர், மான் இல்லாத ரோட்டு ஒண்டு இந்த ஊர்ல இருந்தா சொல்லுங்க, அதுல போவம்.”